பதினொரு நாள்

ஜெனரல் எவரிஸ்தோ கொந்தார்கோவின் கோப்பு
ஒரு கைக்குழந்தையின் கனம்.
தூக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
லா பாஸ் தலைமையகம், இரண்டாம் மாடி,
பதிவேட்டுப் பிரிவு, ஜன்னலுக்கு எட்டாத மேசை என்னுடையது.

முதல் தாள்: வயது பதினேழு,
உயரம் நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர்,
மேல்வரிசையில் பல் ஒன்று குறைவு.
தந்தை தொழில்: கழுதை வைத்திருப்பவர்.
அதை யாரோ அடித்துவிட்டுப்
போக்குவரத்து என்று எழுதியிருக்கிறார்கள்.
இவர் கர்னல் ஆன வருஷத்து மை அது.

லெப்டினன்ட். கேப்டன்.
பனாமாவில் ஆறு மாதம்: ஒரு சான்றிதழ், ஒரு கொசுக்காய்ச்சல்.
கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு ஒரு மனு,
பெண் ஹஸிந்தா, ஊர் ஒரூரோ.
நிராகரிப்பு. பெண்ணின் அண்ணன் தொழிற்சங்கம்.
அடுத்த வருஷம் இன்னொரு மனு, இன்னொரு பெயர்.
அனுமதி.
இரண்டிலும் 'மனப்பூர்வமாக' என்ற சொல்
ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

தோளில் நட்சத்திரம் ஏற ஏறக்
கையெழுத்து சுருங்கிக்கொண்டே போகிறது மனிதருக்கு.
கடைசியில் அது ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு ஈ.

கடலைப் பறிகொடுத்த நாடு எங்களுடையது.
மார்ச் மாதம் தவறாமல் அதற்காக அணிவகுப்போம்.
வெள்ளைக் கையுறை மாட்டிப் பதினாறு வருஷம்
இல்லாத அலைக்கு சல்யூட் வைத்தவர் இவர்.
பார்த்த யுத்தம்: ஒன்றுமில்லை.
பதக்கம்: பன்னிரண்டு.

பக்கம் நாற்பத்து மூன்று.
ஜூன், பதினொரு நாள், விடுப்பு.
மனு இல்லை. மேலொப்பம் இல்லை.
அந்த ஜூனில் சான் எலியாஸ் தகரச் சுரங்கத்தில்
என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்,
சந்தையில் உறைகிழங்கு விற்கிறவளுக்குத் தெரியும்.
கோப்புக்குத்தான் தெரியாது.

ஓய்வு பெற்ற ஆறாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.
இந்த ஊர் உயரத்தில் யாருக்கும் வாங்கும்,
இவருக்குக் கொஞ்சம் அதிகம்.
மஃப்டியில் அடையாளம் தெரியவில்லை எனக்கு.
பென்ஷன் தகராறாக இருக்கும் என்று
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
உட்காரவில்லை.

"நாற்பத்து மூன்றாம் பக்கம்" என்றார்.
"நான் விடுப்பில் போகவில்லை.
சான் எலியாஸில் இருந்தேன்.
எழுதுங்கள்."

முப்பது வருஷமாக இந்த மேசைக்கு வருகிறவர்கள்
அழிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்,
சிலர் பிஸ்கட் டப்பாவோடு.

"என்ன பணி என்று போட?"
பணி என்கிற கட்டம் காலியாக விடக் கூடாது, விதி.
சுட்டாரா, சுடச் சொன்னாரா,
வேண்டாம் என்று சொல்லித் தோற்றாரா,
லாரியிலேயே உட்கார்ந்திருந்தாரா.
ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று பேனாவைத் திறந்தேன்.
அவர் வாயும் திறந்தது.
மேல்வரிசையில் அந்தப் பல்லை
இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

"இருந்தேன்" என்றார். "அவ்வளவுதான்."

அது பணியில் சேராது.
தவிர, முடித்த கோப்பில் பேனா வைக்க
ஒரு ஜெனரலின் உத்தரவு வேண்டும். சொன்னேன்.
"நான் ஜெனரல்தானே" என்றார்.
"இருந்தீர்கள்" என்றேன்.

குத்திக் காட்ட நினைக்கவில்லை.
இலக்கணம் அப்படி வந்து விழுந்தது.
அவர் தலையை ஆட்டினார்,
சரியான விடை சொன்ன பயிற்சி வீரனைப் பார்த்து
ஆட்டுவதுபோல.
கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.
ஒரு படியில் வெகுநேரம் சத்தமே இல்லை.
எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன்,
பிறகு மறுபடி செருப்புச் சத்தம்.

மாலை எல்லோரும் போனதும் பக்கத்தைத் திறந்தேன்.
பென்சில் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.
'விடுப்பு' என்ற சொல்லைச் சுற்றி
லேசாக ஒரு வட்டம் போட்டேன்.
அடுத்து வருகிறவள் அழித்தால் அழிக்கட்டும்.
டிசம்பரில் எனக்கும் ஓய்வு.